இரண்டு மலைகளுக்கு நடுவே ஒரு சூரியன்

கண்டிக்குப் பக்கத்தில், கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் நின்று ஒருமுறை சுற்றிப் பாருங்கள். கீழே மகாவலி ஓடுகிறது. எந்தப் பக்கம் திரும்பினாலும் கண் ஒரு மலையில்தான் போய் முட்டும். காலைப் பனியில் மலையின் பாதி தெரியாது. வெயில் ஏறியபின் பார்த்தால் ஒன்றன்பின் ஒன்றாக, தூரம் போகப் போக நீலம் கூடிக்கொண்டே போகும் முதுகுகள். அவற்றில் ஒன்றுகூட முக்கோணம் இல்லை.

இனி அதே ஊரில் ஒரு வீட்டுக்குள் போய், எட்டு வயதுப் பிள்ளையிடம் ஒரு தாளும் பெஸ்டல் பெட்டியும் கொடுத்து, "விரும்பினதைக் கீறு" என்று சொல்லுங்கள். என்ன வரும் என்பதை முன்கூட்டியே எழுதி உறையில் போட்டு ஒட்டிவிடலாம். இரண்டு முக்கோண மலைகள். நடுவே பாதிச் சூரியன், சுற்றிலும் குச்சிக் கதிர்கள். மலையடியிலிருந்து வளைந்து வரும் ஆறு. கரையில் ஒரு வீடு, ஒரு தென்னை. வானத்தில் சிறகு விரித்த நாலைந்து கோட்டுக் காகங்கள்.

மலையே இல்லாத யாழ்ப்பாணத்துப் பிள்ளையும் இதைத்தான் கீறும். தஞ்சாவூர்ப் பிள்ளையும் அப்படியே. இந்தோனேசியாவில் இந்தப் படம் இன்னும் பெயர்போனது. அங்கே நடுவில் ஒரு தெருவும் இருபுறமும் நெல்வயலும் வரும், மற்றபடி அதே இரண்டு மலை, அதே சூரியன்.

யன்னலுக்கு வெளியே நிஜ மலை நிற்கும்போது, பிள்ளை ஏன் எங்கோ கற்றுக்கொண்ட முக்கோணத்தைக் கீறுகிறது? அமெரிக்கச் சித்திரக் கல்வியாளர்களான பிரென்ட் வில்சனும் மார்ஜரி வில்சனும் 1977இல் இதற்கு ஒரு பதில் சொன்னார்கள். வளர்ந்த பிள்ளைகள் உலகத்தைப் பார்த்துக் கீறுவதைவிட மற்றப் படங்களைப் பார்த்துக் கீறுவதே அதிகம். அண்ணன் கீறிய படம், ஆசிரியர் கரும்பலகையில் போட்ட படம், சித்திரக்கதை, தொலைக்காட்சி. அது சரிதான். ஆனால் ஆயிரம் படங்களைப் பார்க்கும் பிள்ளை இந்த ஒன்றை மட்டும் ஏன் பிடித்துக்கொள்கிறது என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. அதற்கான பதிலில் ஒரு பங்கு, படத்தைக் கொண்டுவந்து நீட்டும்போது வீட்டில் நாம் சொல்லும் வார்த்தைகளில் இருக்கிறது என்பது என் எண்ணம்.

சுவரில் தொடங்கும் கதை

இரண்டு வயதுப் பிள்ளை இருக்கும் வீட்டை உள்ளே நுழைந்ததுமே கண்டுபிடித்துவிடலாம். தரையிலிருந்து பிள்ளையின் கை எட்டும் உயரம் வரை சுவரெங்கும் கிறுக்கல். அதற்கு மேலே வெள்ளை. வாடகை வீடென்றால் அம்மாவின் முகமும் வெளுத்திருக்கும்.

இந்தச் சுவர்க் கிறுக்கலை அறிவுத்துறைக்குள் கொண்டுவந்தவர்களில் முதல்வர் கொர்ராடோ ரிச்சி என்ற இத்தாலியர். பொலோஞா நகரில் ஒருநாள் மழைக்கு ஒதுங்கி ஒரு மண்டபத்துக்குள் நின்றபோது, சுவரில் சிறுவர்கள் கீறிவைத்த படங்கள் அவர் கண்ணில் பட்டன. பெரியவர்கள் கீறியவை மேலே, சின்னப் பிள்ளைகள் கீறியவை கீழே. உயரம் குறையக் குறையப் படத்தின் தன்மையும் மாறுவதைக் கவனித்தார். 1887இல் பிள்ளைகளின் ஓவியம் பற்றி அவர் ஒரு சிறு நூலே எழுதிவிட்டார்.

பின்னாளில் சான் பிரான்சிஸ்கோவில் முன்பள்ளி நடத்திய ரோடா கெலாக், பத்து இலட்சம் அளவில் பிள்ளைகளின் படங்களைச் சேர்த்தார். 1969இல் வெளியான நூலில், கிறுக்கல் என்று நாம் ஒதுக்குவதை அவர் 20 அடிப்படை வகைகளாகப் பிரித்துக் காட்டினார். புள்ளி, நேர்கோடு, வளைவு, சுழல், மூடிய வட்டம் என்று போகும் அந்தப் பட்டியல். இவை உலகின் எந்த மூலையிலும் ஏறக்குறைய ஒரே ஒழுங்கில் வருகின்றன என்பது அவர் கருத்து. வட்டம் மூடியதும் ஒரு பெரிய காரியம் நடக்கிறது. அந்த வட்டத்துக்குள் இரண்டு புள்ளி விழுகிறது, கீழே இரண்டு கோடு இறங்குகிறது. ஆள் வந்துவிட்டான்! கழுத்தில்லை, உடம்பில்லை, தலையிலிருந்தே கால் முளைத்திருக்கிறது. தவளையின் வாற்பேத்தையைப் போல இருப்பதால் ஆய்வாளர்கள் இதற்கு அந்தப் பெயரையே வைத்துவிட்டார்கள். நாமும் வாற்பேத்தை மனிதன் என்றே சொல்வோம். உங்கள் பிள்ளை உங்களை முதன்முதலாகக் கீறும்போது நீங்கள் இப்படித்தான் இருப்பீர்கள். கோபிக்க வேண்டாம்.

ஆற்றுக்குள் நிற்கும் யானை

ஒரு படத்தை மட்டும் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

வெளிநாட்டுப் பயணிகளுக்குக் கட்டுகஸ்தோட்டை என்றாலே ஒரு காலத்தில் யானை குளிக்கும் இடம்தான். எசல பெரஹரா ஊர்வலக் காலத்தில் கண்டிக்கு யானைகள் வந்து சேரும்போது, ஆற்றில் படுத்துக் கிடக்கும் யானையைப் பார்க்கும் வாய்ப்பு இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கிடைக்கும். அப்படிப் பார்த்துவிட்டு வந்த ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் கீறிய படம் இது. எனக்குத் தெரிந்த வீடு. குசினிச் சுவரில் இன்னும் ஒட்டியிருக்கிறது.

யானை பக்கவாட்டில் நிற்கிறது, நிறம் செம்மஞ்சள். கறுப்புக் கலர் பென்சில் முறிந்துவிட்டதாம். முகம் பக்கவாட்டில் இருந்தும் கண் இரண்டு, தந்தம் இரண்டு, எல்லாம் ஒரே பக்கத்தில். யானையின் நடுவயிறு வரை நீலத் தண்ணீர். தண்ணீருக்குள்ளே நான்கு கால்களும், கால் ஒன்றுக்கு ஐந்து நகமும் துலக்கமாகத் தெரிகின்றன. வயிற்றுக்குள் ஒரு வட்டம், வட்டத்துக்குள் பச்சைக் கோடுகள். முதுகில் பாகன், அவனுடைய இரண்டு காலும் நம் பக்கமே தொங்குகின்றன. பாகனின் தலை யானையின் தலையளவு பெரிது.

பெரியவர்களின் கண்ணுக்கு இதில் வரிசையாகப் பிழைகள். ஜோர்ஜ் ஆன்றி லுக்கே என்ற பிரெஞ்சு அறிஞர் இவற்றைப் பிழை என்று பார்க்கவில்லை. தன் மகள் சிமோன் கீறிய படங்களை வருடக்கணக்கில் சேர்த்து, அவள் கீறும்போது என்ன சொன்னாள் என்பதையும் குறித்துவைத்தவர் அவர். 1927இல் அவர் எழுதிய நூலின் மையக் கருத்து இது: ஐந்து, ஆறு வயதுப் பிள்ளை ஒரு பொருளைப் பற்றித் தனக்குத் தெரிந்ததைத் தாளில் வைக்கிறது, ஓரிடத்தில் நின்று பார்த்தால் எது தெரியும், எது மறையும் என்ற கணக்கு அதற்கு இல்லை. இதை அறிவுவழி உண்மை என்று சொல்லலாம். எட்டு, ஒன்பது வயதில்தான் காட்சிவழி உண்மை, அதாவது கண் நிற்கும் இடத்திலிருந்து தெரிவதை மட்டும் கீறும் போக்கு, மெல்ல எழுகிறது.

1972இல் நோர்மன் ஃப்ரீமனும் அவரோடு சேர்ந்த ஆய்வாளரும் இங்கிலாந்தில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். பூப்போட்ட ஒரு கோப்பையைப் பிள்ளைகளிடம் முதலில் நன்றாகக் காட்டினார்கள். பிறகு கைப்பிடி பின்னால் மறையும்படியும் பூ முன்னால் தெரியும்படியும் வைத்துக் கீறச் சொன்னார்கள். சின்னவர்கள் தெரியாத கைப்பிடியைக் கீறினார்கள். தெரிகிற பூவை விட்டுவிட்டார்கள். கைப்பிடி இருந்தால்தானே கோப்பை! பூ இருந்தாலென்ன, இல்லாவிட்டால் என்ன. எட்டு வயதைத் தொட்டவர்கள் கைப்பிடியை விட்டுவிட்டுப் பூவைக் கீறினார்கள்.

இப்போது யானையை மறுபடி பாருங்கள். கால் இல்லாமல் யானை நிற்காது, அதனால் கால். யானைக்கு இரண்டு கண், அதனால் இரண்டு. வயிற்றுக்குள் இருக்கும் பச்சை, குளிக்க வருமுன் அது தின்ற கித்துள் ஓலை. இந்தச் சிறுவன் யானையைப் பற்றி ஒரு முழு அறிக்கை எழுதியிருக்கிறான். அவனிடம் போய், "தண்ணிக்குள்ள கால் எப்படிடா தெரியும்?" என்று சிரிப்பது, அந்த அறிக்கையில் எழுத்துப்பிழை தேடுவதற்குச் சமம்.

கீறினவரைக் கேட்க வேண்டும்

பெற்றோர் மாட்டிக்கொள்ளும் முதல் இடம் "இது என்ன?" என்ற கேள்வி. பிள்ளை அப்பாவைக் கீறிக்கொண்டு வந்திருக்கும். அப்பாவே, "இது என்ன, உருளைக்கிழங்கா?" என்பார்.

அமெரிக்க உளவியலாளர்கள் போல் புளூமும் லோரி மார்க்சனும் 1998இல் வெளியிட்ட ஒரு சோதனை இங்கே உதவும். மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளிடம் ஒரு பலூனும் ஒரு லொலிபொப்பும் கீறச் சொன்னார்கள். அந்த வயதில் இரண்டும் ஒன்றுதான். ஒரு வட்டம், கீழே ஒரு கோடு. வேறு ஆளுக்கு எது எதுவென்று சொல்லவே முடியாது. கொஞ்ச நேரம் கழித்துப் பிள்ளைகளிடமே கேட்டபோது, எதை நினைத்துக் கீறினார்களோ அதன் பெயரைத்தான் சொன்னார்கள். படத்தின் உருவத்தைப் பார்த்துப் பெயர் வைப்பது நம் வழக்கம். பிள்ளைக்குப் படத்தின் பெயர், கீறியபோது மனதில் இருந்த எண்ணத்தோடு ஒட்டியது.

அதனால்தான் நாம் தவறாக ஊகித்தால் பிள்ளைக்கு அவ்வளவு அடிபடுகிறது. ஊகிப்பதை விட்டுவிட்டு, "இதைப் பற்றிச் சொல்லு" என்றால் தீர்ந்தது. சில நேரம் சொல்ல ஒன்றும் இருக்காது. இரண்டு வயதுக்காரருக்குப் பென்சில் தாளில் ஓடுகிற சுகமே விஷயம்; அவரை நெருக்கிக் கேட்டால் நம் மனம் கோணாமலிருக்க ஏதாவது ஒரு பெயரை எடுத்து விடுவார். "நல்லா அழுத்திக் கீறியிருக்க, தாளே கிழிஞ்சிட்டு" என்று கண்டதைச் சொன்னால் அவருக்குப் போதும்.

தங்க நட்சத்திரம்

நாம் பரிசளிப்பு விழா நாட்டில் வாழ்கிறவர்கள். முன்பள்ளி விளையாட்டுப் போட்டியில் ஓடின எல்லாப் பிள்ளைக்கும் பதக்கம், கலைவிழாவில் மேடை ஏறிய எல்லாருக்கும் சான்றிதழ். பிள்ளை சந்தோசப்படும், அடுத்தமுறை இன்னும் நல்லாச் செய்யும் என்பது எண்ணம்.

ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் முன்பள்ளியில் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் ஆகிய மூவரும் செய்த சோதனையின் முடிவு 1973இல் வெளியானது. படம் கீறுவதில் ஏற்கெனவே விருப்பமுள்ள, மூன்று முதல் ஐந்து வயது வரையான பிள்ளைகளைத் தேர்ந்து மூன்று குழுவாகப் பிரித்தார்கள். முதல் குழுவிடம், "மார்க்கர் பேனையால் படம் கீறினால் இந்தச் சான்றிதழ் கிடைக்கும்" என்று முன்பே காட்டினார்கள். தங்க நட்சத்திரமும் சிவப்பு நாடாவும் வைத்த அழகான சான்றிதழ். இரண்டாம் குழுவுக்கு எதுவும் சொல்லாமல், கீறி முடித்தபின் அதே சான்றிதழைத் திடீரெனக் கொடுத்தார்கள். மூன்றாம் குழு சும்மா கீறியது.

ஓரிரு வாரம் கழித்து, வகுப்பில் பிள்ளைகள் விரும்பியதைச் செய்யும் நேரத்தில் அதே மார்க்கர்களை மேசையில் வைத்துவிட்டு, மறைந்திருந்து பார்த்தார்கள். எதுவும் கிடைக்காத பிள்ளைகள் தங்கள் நேரத்தில் ஏறக்குறைய 17 வீதத்தைக் கீறுவதில் கழித்தார்கள். திடீர்ப் பரிசு வாங்கியவர்கள் 18 வீதம். சான்றிதழுக்காகக் கீறியவர்கள் 9 வீதத்துக்கும் கொஞ்சம் குறைவு. பாதி! சான்றிதழ் கண்ணுக்கு முன்னால் தொங்கிக்கொண்டிருந்தபோது அவர்கள் கூடுதலான படம் கீறித்தள்ளினார்கள். ஆனால் யார் கீறியது என்று தெரியாத நடுவர்கள் பார்த்தபோது அந்தப் படங்களின் தரம் குறைவாக இருந்தது.

திடீர்ப் பரிசு கெடுக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கெடுத்தது பேரம். விளையாட்டாக இருந்த ஒன்று, ஒன்றைச் செய்து இன்னொன்றை வாங்கும் வேலையாக மாறியது. சான்றிதழ் நின்றதும் வேலையும் நின்றது. கண்டியில் சித்திரப் போட்டிக்கென்றே வாரம் இரண்டு வகுப்புக்குப் போகும் பிள்ளைகள் போட்டிப் பருவம் முடிந்ததும் பெஸ்டல் பெட்டியைத் திறப்பதே இல்லை என்று அம்மாமார் குறைப்படுவதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சிவப்பு நாடா ஞாபகம் வரும்.

"மிக மிக அழகு"

சரி, சான்றிதழ் வேண்டாம். வாய்ப்பாராட்டு? அது காசு செலவில்லாதது, மனதுக்கும் இதமானது. அதிலும் ஒரு முடிச்சு இருக்கிறது.

எட்டி புருமெல்மன் என்ற நெதர்லாந்து ஆய்வாளரின் குழு 2014இல் வெளியிட்ட ஆய்வு இது. 8 முதல் 13 வயது வரையான பிள்ளைகளிடம் வான்கோவின் காட்டு ரோஜா ஓவியத்தைப் பார்த்துக் கீறச் சொன்னார்கள். ஒரு பெயர்பெற்ற ஓவியர் உங்கள் படத்தைப் பார்ப்பார் என்று சொல்லி, அவர் எழுதியதாக ஒரு துண்டைக் கொடுத்தார்கள். சிலருக்கு "அழகாகக் கீறியிருக்கிறாய்", சிலருக்கு "நம்பமுடியாத அளவுக்கு அழகாகக் கீறியிருக்கிறாய்", சிலருக்குப் பாராட்டே இல்லை. அடுத்ததாகக் கீறுவதற்குச் சுலபமான படங்களும் கடினமான படங்களும் வைத்து, பிடித்ததை எடுக்கச் சொன்னார்கள். கடினமானதை எடுத்தால் பிழைவிட நேரும், ஆனால் கற்றுக்கொள்ளலாம் என்றும் சொன்னார்கள்.

தன்மேல் நம்பிக்கை குறைந்த பிள்ளைகள், ஊதிப் பெருப்பித்த பாராட்டைக் கேட்டபோது சுலபமான படங்களின் பக்கம் ஒதுங்கினார்கள். அதே பிள்ளைகள் சாதாரணப் பாராட்டுக்குப் பின் அப்படி ஒதுங்கவில்லை. நம்பிக்கை நிறைந்த பிள்ளைகளுக்கோ பெரிய பாராட்டு உற்சாகம் தந்தது. இங்கேதான் வேடிக்கை. அதே குழு பெற்றோரைக் கவனித்தபோது, அவர்கள் பெரிய பாராட்டை அள்ளிக் கொட்டியது நம்பிக்கை குறைந்த பிள்ளைகளுக்குத்தான். பாவம், பிள்ளை சோர்ந்துபோகக் கூடாது என்ற நல்லெண்ணத்தில்.

ஏன் இப்படி? "நம்பமுடியாத அழகு" என்றவுடன் அடுத்த படமும் அந்த உயரத்தில் இருக்க வேண்டியதாகிறது. எட்டாவிட்டால் மானம் போகும். ஆகவே நிச்சயம் எட்டக்கூடியதைப் பிள்ளை எடுக்கிறது.

முக்கோண மலை இங்கேதான் உள்ளே வருகிறது என்று நினைக்கிறேன். இதை யாரும் சோதித்து நிறுவியதாகச் சொல்லவில்லை, என் ஊகம்தான். இரண்டு மலையும் சூரியனும் ஒருநாளும் தோற்காத படம். பிழைவிட அதில் இடமே இல்லை. யார் பார்த்தாலும் "ஆ, வடிவு!" என்பார்கள். யன்னலுக்கு வெளியே நிற்கும் ஹந்தானை மலையைக் கீறப் போனால் முதுகு வளையும், மரம் மறைக்கும், தொலைவு வரும், படம் கோணலாகிவிடும்; மாமா கேலி செய்வார். பாராட்டில் பழகிய பிள்ளை கணக்குத் தெரிந்த பிள்ளை.

இன்னொரு சின்ன விஷயம். 2007இல் ஆண்ட்ரே சிம்பியனும் கரோல் ட்வெக்கும் இன்னும் இருவரும் நான்கு வயதுப் பிள்ளைகளோடு பொம்மை வைத்து விளையாடிப் பார்த்தார்கள். ஒரு பாதியினருக்கு, "நீ நல்லாப் படம் கீறுகிற பிள்ளை" என்ற பாராட்டு. மறுபாதிக்கு, "இந்தப் படத்தை நல்லாக் கீறினாய்." அந்த நேரத்தில் இரண்டு குழுவும் ஒரேயளவு மகிழ்ந்தார்கள். வேறுபாடு தெரிந்தது பிறகுதான். பூனைக்குக் காதை விட்டது, பஸ்ஸுக்குச் சில்லை விட்டது என்று கதையில் ஒரு தவறு வந்தபோது, முதல் குழு சோர்ந்தது, தொடர்ந்து கீற அவ்வளவாக விரும்பவில்லை. இரண்டாம் குழு திருத்தப் பார்த்தது. நல்லாக் கீறுகிற பிள்ளை என்ற பட்டம் வாங்கியவருக்கு, காதில்லாத பூனை பட்டத்தையே பறித்துவிடுகிறது.

குசினியில் நடந்த பேச்சு

இவற்றையெல்லாம் படித்த பெற்றோர் வாயைத் திறக்கவே பயப்படுவார்கள். பயம் வேண்டாம். யானைப் படம் வந்த வீட்டில் நடந்த பேச்சு கிட்டத்தட்ட இப்படி இருந்தது. அம்மா ரொட்டி தட்டிக்கொண்டிருந்தார், கையில் மா.

"அம்மா, இங்க பாருங்க."

"கையில மா இருக்கு மகன், இப்படிப் பிடிங்க பார்ப்போம். ... அட, தண்ணிக்குள்ள நாலு காலும் நிக்குது. நகம் வேற."

"அஞ்சு அஞ்சு நகம். எண்ணினேன்."

"வயித்துக்குள்ள பச்சையா ஏதோ இருக்கே?"

"அது கித்துள். காலையில தின்னது. இன்னும் கரையல்ல."

"பாகன்ட தலை யானைத் தலை அளவுக்கு இருக்கு."

"அவருதான் கத்துறாரு. 'தஹா, தஹா'ன்னு. வாய் பெருசா வேணும்ல."

"அதுக்குப் பிறகு யானை என்ன செஞ்சிச்சு?"

பையன் பதில் சொல்லாமல் தாளைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கத்தில் கீறத் தொடங்கிவிட்டான். யானை எழும்பிப் போகிற படம்.

இதில் "சூப்பர்" இல்லை. "நல்லா இருக்கு"கூட இல்லை. அம்மா செய்தது இரண்டே காரியம்: தாளில் இருந்ததைச் சொன்னார், தெரியாததைக் கேட்டார். நகத்தைக் கவனித்துவிட்டார் என்பதே பையனுக்குப் பெரிய பாராட்டு. பாகனின் பெரிய தலைக்குக் காரணம் இருந்தது. திருத்தியிருந்தால் அந்தக் காரணம் நமக்குத் தெரியாமலே போயிருக்கும். மனதாரப் பிடித்தால் பிடித்திருக்கிறது என்று சொல்லலாம், தடையில்லை. அம்மாவின் சொல்லில் அளவு கணக்குப் பார்க்க வேண்டியதில்லை. ஒவ்வொரு தாளுக்கும் ஒரே "சூப்பர்" போனால்தான் பிள்ளைக்குச் சந்தேகம் வருகிறது: அம்மா பார்த்தாரா, பார்க்காமலே சொன்னாரா? சோதிக்கவே சில பிள்ளைகள் ஒரு கோட்டைக் கீறிக்கொண்டு வந்து நீட்டுவார்கள். அதற்கும் "சூப்பர்" கிடைத்தால் விஷயம் விளங்கிவிடும்.

நேரமில்லாவிட்டால் நேரமில்லை என்று சொல்லலாம். "ரொட்டி முடிச்சிட்டு வந்து பார்க்கிறேன்" என்று சொல்லி, மெய்யாகவே வந்து பார்த்தால் போதும். லுக்கே செய்ததுபோலப் படத்தின் பின்னால் திகதியும் பிள்ளை சொன்ன வசனமும் எழுதிவைப்பது நல்ல பழக்கம். "இன்னும் கரையல்ல" என்பதை யார் ஞாபகம் வைத்திருப்பார்கள்?

வியன்னாவும் கொழும்பும்

பிள்ளைகளைத் தங்கள் போக்கில் கீறவிட வேண்டும் என்ற எண்ணம் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தது அண்மையில்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சித்திரப் பாடம் என்றால் அச்சுப் படத்தைப் பார்த்து அப்படியே கீறுவது. வியன்னாவில் ஃபிரான்ஸ் சிசெக் என்ற ஓவியர் 1897இல் சிறுவர்களுக்கென ஒரு வகுப்பைத் தொடங்கி, பிள்ளைகளைத் தாமாக வளரவிட வேண்டும் என்றார். உலகெங்கிலுமிருந்து ஆசிரியர்கள் போய்ப் பார்த்தார்கள். பார்த்தவர்களில் சிலர் ஒன்றைக் கவனித்தார்கள்: சுதந்திரமாகக் கீறிய அந்தப் பிள்ளைகளின் படங்கள் ஒன்றுக்கொன்று சாயலாக, சிசெக்குக்குப் பிடித்த பாணியிலேயே இருந்தன. வாயால் திருத்தாவிட்டாலும் ஆசிரியரின் முகம் எதற்கு மலர்கிறது என்பது பிள்ளைக்குத் தெரியும்.

இலங்கையில் இந்தக் காற்றைக் கொண்டுவந்தவர்களில் ஒருவர் சார்ள்ஸ் ஃப்ரீகுரோவ் வின்ஸர். 1920களில் கல்வித் திணைக்களத்தின் சித்திரப் பரிசோதகராக இருந்தவர். கண்டியில் பிறந்து திரித்துவக் கல்லூரியில் படித்த ஜோர்ஜ் கீற்றை ஓவியத்தின் பக்கம் ஊக்கியவர்களில் அவரும் ஒருவர். பள்ளிப் படிப்பில் கீற் மின்னவில்லை. ஓவியத்தில் முழுமூச்சாக இறங்கும்போது அவருக்கு வயது இருபத்தைந்தைத் தாண்டிவிட்டது. யாழ்ப்பாணத்தில் எஸ். ஆர். கனகசபை 1938இல் தொடங்கிய ஓவியர் கழகத்துக்கு வின்ஸரின் பெயரையே வைத்தார். வின்ஸருக்குப் பின் அந்தப் பதவிக்கு வந்தவர் டபிள்யூ. ஜே. ஜி. பீலிங், 1943இல் நவீன ஓவியர்கள் கூடி அமைத்த '43 குழு'வில் கீற்றோடு அவரும் இருந்தார். கொழும்பில் கோரா ஏப்ரகாம் 1949இல் சிறுவர்களுக்காகத் தொடங்கிய சித்திர வகுப்பும் இதே பரம்பரையில் வந்ததுதான்.

இவ்வளவு பின்னணி இருந்தும் பல பள்ளிகளில் இன்றைக்கும் கரும்பலகையில் ஆசிரியர் ஒரு படத்தைப் போட, நாற்பது பிள்ளைகளும் அதையே கொப்பியில் இறக்குகிறார்கள். நாற்பது பேரை வைத்துக்கொண்டு நாற்பது நிமிடத்தில் ஆசிரியர் வேறு என்னதான் செய்வார் என்றும் கேட்கலாம். தரம் 4 வந்துவிட்டால் வீட்டிலும் பெஸ்டல் பெட்டி அலுமாரிக்கு மேலே போய்விடும். புலமைப்பரிசில் பரீட்சை முடியட்டும், பிறகு பார்ப்போம்.

"எனக்குக் கீற வராது"

பிறகு பார்க்கும்போது பிள்ளைக்குப் பத்து வயது, "எனக்குக் கீற வராது" என்கிறது. பரீட்சை மட்டும் இதற்குக் காரணமில்லை. காட்சிவழி உண்மை விழித்துக்கொண்ட வயது இது. கண் முந்திவிட்டது, கை பின்தங்கிவிட்டது. தான் கீறிய குதிரை குதிரை மாதிரி இல்லை என்பது பிள்ளைக்கே தெரிகிறது. இந்த வயதில் "இல்ல, வடிவாத்தானே இருக்கு" என்றால் பிள்ளை நம்பாது. நம் சொல்லின் மதிப்புத்தான் இறங்கும்.

ஐந்து வயதில் வேண்டாமென்று தள்ளிவைத்த உதவியைப் பத்து வயதில் கொடுக்கலாம். பிள்ளை கேட்டால் மட்டும். "எந்த இடம் சரிவரல்ல?" என்று கேட்டு, அந்த ஓரிடத்தை மட்டும் சேர்ந்து பார்க்கலாம். பின்னங்கால் எந்தப் பக்கம் மடிகிறது என்று பக்கத்து வீட்டு ஆட்டிடம் போய்ப் பார்க்கலாம். பெரியவர் பென்சிலை வாங்கிப் பிள்ளையின் தாளிலேயே திருத்துவது மட்டும் கூடாது. காட்டித்தான் ஆக வேண்டுமென்றால் வேறு தாளில் காட்டுங்கள்.

யானைப் படக்காரனுக்கு ஒரு அண்ணன். பத்து வயது. வாசலில் நிற்கும் அப்பாவின் த்ரீவீலரைக் கீறக் கீற சரிவராமல் மூன்று தாளைக் கசக்கி எறிந்துவிட்டான். அப்பா அவனை வாசற்படியில் உட்கார வைத்து, "இங்க இருந்து பார்த்தா எத்தனை சில்லு தெரியுது?" என்று மட்டும் கேட்டார். அவன் ஒரு கண்ணை மூடிப் பார்த்தான். "ரெண்டு." பின்னால் இருந்த மறுபக்கத்துச் சில்லு மறைந்திருந்தது. நான்காவது தாளில் முன்சில்லு ஒன்று, பின்சில்லு ஒன்று என்று பக்கவாட்டில் வண்டி வந்து நின்றது. அழிறப்பர் தேய்த்த கறையோடு, முன்கண்ணாடி கொஞ்சம் கோணலாக, ஆனால் அசல் த்ரீவீலர். அண்ணனுக்கே பிடித்துப்போய் அதைத் தம்பியிடம் காட்டினான். தம்பி நன்றாக உற்றுப் பார்த்துவிட்டு அப்பாவிடம் போய் முறையிட்டான்:

"அப்பா, இவன் உங்கட வண்டியில ஒரு சில்லைக் கழட்டிட்டான்."